ஒரு மொட்டை மாடி, மூன்று மீட்டர்: இளம்பிள்ளை தறி வீட்டின் சோலார் கணக்கு

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் என் பெரியப்பா மகன் வீடு இருக்கிறது. கீழே பின்பக்கம் தறிக்கூடம், அதில் நான்கு விசைத்தறிகள். முன்பக்கம் ஒரு சின்ன போர்ஷன், வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாடியில் அண்ணன் குடும்பம். ஒரே கட்டிடம்தான், ஆனால் மின் இணைப்பு மூன்று: வீட்டுக்கு ஒன்று, வாடகைக்காரருக்கு ஒன்று, தறிக்கு ஒன்று. மேலே சுமார் 1,200 சதுர அடி மொட்டை மாடி, வெயிலில் சும்மா காய்ந்து கிடக்கிறது.

சோலார் போடச் சொல்லி ஒரு ஏஜென்ட் வந்து போனார். 5 கிலோவாட் போட்டால் கரண்ட் பில்லே வராது என்றும், மானியம் போக மீதிக்கு வங்கிக் கடன் கிடைக்கும் என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்ப்பா, மூணு மீட்டருக்கும் சேத்து ஒரே சோலாராப் போட்டுட முடியாதா?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடப்போய்த்தான் தமிழ்நாட்டில் கூரை சோலாரைச் சுற்றி நடக்கும் விவாதங்கள் பெரும்பாலானவை இந்த ஒரு கட்டிடத்துக்குள்ளேயே இருப்பது தெரிந்தது. எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் எண்களோடு எழுதுகிறேன். இதே கேள்வியோடு சேலம் பக்கம் நிறைய குடும்பங்கள் இருக்கின்றன.

வீட்டு மீட்டர்

முதலில் பழைய பில்களை எடுத்து வைத்தோம். ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர். வெயில் காலத்தில் இரண்டு மாதத்துக்கு 760 யூனிட் பக்கம் ஓடுகிறது. மழை, பனிக் காலத்தில் 480. ஆண்டின் ஆறு பில்களில் மூன்று முதல் வகை, மூன்று இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தின் குணம் தெரியாமல் சோலார் கணக்குப் போட்டால் தப்பாகத்தான் வரும். நாங்கள் கணக்குப் போட்டபோது இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். அப்புறம் 500 யூனிட்டுக்குள் நிற்பவருக்கு 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஆனால் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை போய்விடும். 101ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 கணக்காகும். 501க்கு மேல் 8.40, 601க்கு மேல் 9.45, 800ஐத் தாண்டினால் 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. சரியாக 500 யூனிட் ஓட்டினால் பில் 1,805 ரூபாய். 510 ஓட்டினால் 2,124. பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய்.

இப்போது இதில் சோலாரைப் பொருத்திப் பார்ப்போம். நம் ஊரில் 1 கிலோவாட் சோலார், நாள் ஒன்றுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். வீட்டு இணைப்புக்கு நெட் மீட்டரிங் உண்டு. அதாவது மின்வாரியத்திடம் வாங்கியதில் நாம் கொடுத்ததைக் கழித்து, மீதிக்குத்தான் பில். வெயில் காலத்தில் 760 யூனிட்டுக்கு 4,392 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். 480 கழிந்தால் மீதி 280 யூனிட், அதற்கு 611 ரூபாய். மிச்சம் 3,781. ஒவ்வொரு சோலார் யூனிட்டும் ஏறக்குறைய 7.90 ரூபாய் சம்பாதித்துத் தருகிறது. குளிர் காலத்தில் 480 யூனிட்டுக்கு 1,679 ரூபாய் வந்த இடத்தில் பில் பூஜ்யம். ஆண்டுக்கு 16,380 ரூபாய் மிச்சம்.

மூன்றாவது கிலோவாட் போட்டால்? வெயில் காலத்தில் அந்த 611 ரூபாயும் இல்லாமல் போகும். கூடுதலாக உண்டாகும் 240 யூனிட்டுக்குக் கிடைப்பது அவ்வளவுதான், யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய். குளிர் காலத்தில் அதற்கு வேலையே இல்லை. பில் ஏற்கெனவே பூஜ்யம். மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், அங்கேயும் அதற்கு இடமில்லை. எங்களுக்குக் கிடைத்த விலையில் 2 கிலோவாட்டுக்கு 1,40,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000. பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் ஒன்றுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000 மானியம். அதிகபட்சம் 78,000, அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் கூடாது. ஆக 2 கிலோவாட்டுக்குக் கைக்காசு 80,000, ஐந்து ஆண்டுக்குள் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போடும் 37,000 திரும்பி வர இருபது ஆண்டு ஆகும். ஏஜென்ட் சொன்ன 5 கிலோவாட்டைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

பில்லே வராது என்ற வாக்கியம்தான் இங்கே பெரிய தூண்டில். பில்லைப் பூஜ்யமாக்குவது நோக்கமாக இருக்கக் கூடாது. 500க்கு மேல் நிற்கும் குடும்பத்தை 300 பக்கம் இறக்கிவிட்டால் போதும். அதற்குக் கீழே இருக்கும் யூனிட்டை அரசே மலிவாகவும் இலவசமாகவும் தருகிறது. சொந்தப் பணம் போட்டு அதையும் விலக்கிக்கொள்வது வீண் செலவு. இரண்டாவது ஏசி, மின்சார ஸ்கூட்டர் என்று நாளைக்கு வரலாம், அப்போது கணக்கு மாறும். அதற்காக இரண்டு பேனலுக்கு இடம் விட்டு, பைப்பை மட்டும் முன்கூட்டியே இழுத்து வைக்கச் சொன்னேன்.

காகித வேலை

கூரைக்கு ஏறும் முன்பே ஒரு சிக்கல். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தது. தாத்தா காலமாகி வெகு காலம் ஆகிவிட்டது. பில் கட்ட அது தடையில்லை, யார் கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள். மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கு வரும்போதுதான் பெயர் பொருந்தியாக வேண்டும். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று பெயர் மாற்ற வேலை முடிந்த பிறகே விண்ணப்பிக்க முடிந்தது. இளம்பிள்ளை, தாரமங்கலம், ஜலகண்டாபுரம் பக்கம் பழைய தறி வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சோலார் யோசனை இருப்பவர்கள் விலை விசாரிக்கும் முன் மின் அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அப்படியே அனுமதிக்கப்பட்ட மின் பளுவையும் பாருங்கள். அதைவிடப் பெரிய சோலார் போட முடியாது. பளுவைக் கூட்டினால் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

மற்றபடி நடைமுறை முன்பைவிட லேசாகியிருக்கிறது. 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று மத்திய அரசு 2024 பிப்ரவரியில் விதியைத் திருத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் உள்நாட்டில் செய்தவையாக இருக்க வேண்டும், அதனால் விலை சற்றுக் கூடும்.

கூரை

வேலை பிடித்தது இங்கேதான். மாடியில் இரண்டு தண்ணீர் டேங்க், படிக்கட்டு அறை, மேற்கே பக்கத்து வீட்டுத் தென்னை. சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் காலை எட்டரையிலிருந்து மாலை நாலரை வரை மணிக்கு ஒருமுறை நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டோம். டேங்க் நிழல் மத்தியானம் சுருங்கி, மூன்று மணிக்கு மேல் கிழக்கே நீண்டு, ஏஜென்ட் பேனல் வைக்கக் குறித்திருந்த இடத்தின் கீழ் வரிசையைத் தொட்டது. பேனல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருக்கும். ஒன்றின் ஓரத்தில் நிழல் விழுந்தால் அதன் பைபாஸ் டையோடு அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தைக் கடத்தும். ஒதுக்கப்பட்ட பகுதியின் உற்பத்தி போனது போனதுதான். ஆறடி தெற்கே தள்ளியதில் பிரச்சினை தீர்ந்தது. அந்த ஆறடிக்குச் செலவு ஒன்றுமில்லை, ஒரு பகல் பொழுது மட்டும் போயிற்று. யாரும் அதைச் செய்வதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சேலத்தில் எத்தனையோ மாடிகளில் டேங்க் நிழலில் பேனல் நிற்பதைப் பார்க்கலாம்.

வெயில் அதிகம் இருந்தால் உற்பத்தியும் அதிகம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒளிக்கு அது சரி, சூட்டுக்குப் பொருந்தாது. பேனலின் திறன் 25 டிகிரியில் அளந்து எழுதப்படுகிறது. சேலத்துக் கோடையில் பேனலின் முதுகு 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் என்று 40 டிகிரிக்கு 14 சதவீதம் குறைகிறது. 540 வாட் பேனல், சித்திரை மாதத்து நடுப்பகலில் 465 வாட் தந்தாலே நல்ல பேனல். தரையோடு ஒட்டி வைக்காமல், அடியில் காற்று ஓட மூன்று அடி உயர்த்தச் சொன்னது இதற்காகத்தான். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் இந்தச் சூட்டு நட்டம் குறைவு. அங்கே எதிரி வேறு: பனிமூட்டமும், காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களின் நிழலும். மலையில் வீடு இருப்பவர்கள் அடிவாரத்துக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தறி வீட்டுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு, பஞ்சுத் தூசி. தறிக்கூடத்து ஜன்னல் வழியாக வெளியே வரும் நூல் துகள் பேனல் மேல் படிந்து, பனி ஈரத்தில் ஒட்டி, மெல்லிய தோல் போல் ஆகிவிடுகிறது. சாதாரண மண் தூசியை மழை கழுவிவிடும், இதைக் கழுவாது. போர் தண்ணீரை ஊற்றிக் கழுவினால் காய்ந்த பிறகு உப்புக் கறை வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. அதுவும் நாளடைவில் நிழல்தான். குழாய்த் தண்ணீரில் நனைத்த மென்மையான துடைப்பானால், வெயில் ஏறும் முன் காலையில் துடைப்பது என்று அண்ணி ஒரு முறை வைத்திருக்கிறார். கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதைத் தம்பி பையன்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார்.

தறி மீட்டர்

தறி ஓடுவது பகலில், சோலார் தருவதும் பகலில். பார்த்தால் இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடையாது. ஆனால் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். 2023இல் 750லிருந்து ஆயிரமாக உயர்த்தினார்கள். அண்ணனின் நான்கு தறிக்கு 1,100 யூனிட் பக்கம் ஓடுகிறது. பணம் கட்டுவது மேலே நிற்கும் 100 யூனிட்டுக்கு மட்டும். அந்த நூறைக் காப்பாற்ற ஒன்றரை லட்சம் போட முடியாது. வீட்டுக்குக் கிடைக்கும் சூர்ய கர் மானியமும் தறிக்குக் கிடையாது. ஆகவே தறிக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இலவச யூனிட்டை நான் குறை சொல்லவில்லை. கூலி நெசவில் அந்த ஆயிரம் யூனிட் இல்லாவிட்டால் பல கூடங்கள் பூட்டிக் கிடக்கும். ஆனால் அரசு அந்த யூனிட்டுகளுக்கு ஆண்டாண்டாக மானியம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதில் ஒரு பகுதியை ஒரே ஒருமுறை கூரைச் செலவாக மாற்றித் தறிக்கூடங்களுக்கே சோலார் போட்டுக் கொடுத்தால், பகல் நேரத் தறி மின்சாரம் அங்கேயே உண்டாகி அங்கேயே தீரும். கம்பி நஷ்டம் இல்லை. தறிக்காரரின் சலுகையில் கை வைக்கவும் வேண்டாம். இந்த யோசனையை நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டுக் கூரைகளுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

பெரிய கூடங்கள், லேத் பட்டறைகளின் கதை வேறு. அவர்கள் கட்டும் கட்டணம் அதிகம், சோலார் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். ஆனால் 2021இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கொண்டுவந்த விதிகளில் வீட்டுக்கு நெட் மீட்டரிங், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் நெட் பில்லிங் என்று பிரித்தார்கள். வெளியே தள்ளும் யூனிட்டுக்குக் குறைந்த விலையில் வரவு, உள்ளே வாங்கும் யூனிட்டுக்கு முழு விலையில் பற்று. அதோடு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும். என் கூரையில் உண்டாகி, என் பட்டறையிலேயே செலவாகி, தெருக் கம்பியைத் தொடாத மின்சாரத்துக்கு எதற்கு நெட்வொர்க் கட்டணம் என்று சிறு தொழில்காரர்கள் கேட்டார்கள். 2023இல் நடந்த போராட்டங்களுக்குப் பிறகு சிறு தொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. கேள்வி இன்னும் முடியவில்லை.

வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மேகம் மூடினால் அடுத்த நொடி யார் மின்சாரம் தருவது? மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் பெரிய மின்னோட்டத்தை யார் தருவது? ராத்திரி ஷிப்ட்டுக்கு? அந்தக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தயாராக நிற்பதற்குச் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவு இணைப்பின் அளவைப் பொறுத்தது. அதை நிலைக் கட்டணத்தில் வெளிப்படையாக வாங்கட்டும். உற்பத்தி செய்யும் யூனிட்டுக்கெல்லாம் வரி போலப் போட்டால், அதிகம் உற்பத்தி செய்பவனுக்கு அதிக தண்டனை என்றாகிறது.

வாடகைக்காரர் மீட்டர்

கீழே இருக்கும் குடும்பம் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் செலவழிக்கிறது. பில் 188 ரூபாய். சோலாரால் அவர்களுக்கு மிச்சமாகக்கூடியது அதிகபட்சம் அந்த 188. சொந்தக் கூரையும் இல்லை. சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகள் என்ற இலக்கோடு 75,021 கோடி ரூபாயில் வந்தது. தமிழ்நாட்டுக் கட்டண அமைப்பில் அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேரும் என்பதை இந்தக் கட்டிடமே காட்டுகிறது: மொட்டை மாடியும் ஏசியும் இருக்கும் மாடி வீட்டுக்கு. ஒன்பது ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் யூனிட் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறினால், அவர்கள் கட்டிய பணத்தில் கொஞ்சம் தாங்கி நின்ற கீழ்ப்படிச் சலுகையை யார் தாங்குவது? அண்ணன் வீட்டு மிச்சத்தைக் கண்டு எனக்குச் சந்தோஷம்தான். இந்தக் கேள்வியையும் மறைக்க முடியாது.

ஒரு கூரையின் மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குப் பங்கிட்டு வரவு வைக்கும் முறை இருக்கிறது. வெர்ச்சுவல் நெட் மீட்டரிங் என்பார்கள். டெல்லியில் 2019லேயே வழிமுறை வெளியிட்டார்கள். அண்ணன் கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் அதுதான். எங்கள் விண்ணப்ப நேரத்தில் அது எங்கள் கைக்கு எட்டவில்லை.

போட்ட பிறகு

நான்கு பேனல், பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் 2 கிலோவாட் இன்வெர்ட்டர், இடிதாங்கி, தனித்தனி எர்த். நன்றாக ஓடுகிறது. இரண்டு விஷயங்களை வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன், அப்படியும் வருத்தப்பட்டார்கள்.

ஒன்று, மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்தும் நாள். உச்சி வெயில், மாடியில் பேனல், வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. கிரிட்டோடு, அதாவது வாரியத்தின் மின்வலையோடு, இணைந்த இன்வெர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் போகும். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போட்டால் அந்த நேரத்தில் வீட்டை மட்டும் தனியாக ஓட்டலாம், செலவு கூடும். விற்பவர்கள் இதை வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை. வார நாட்களில் தெரு முழுக்கத் தறி ஓடுவதால் சோலார் மின்சாரத்தைத் தெருவே குடித்துவிடுகிறது. ஞாயிறு தறிகள் ஓய்வு. மத்தியான நேரத்தில் வாங்க ஆளில்லாமல் லைன் வோல்டேஜ் ஏறி, 253ஐத் தாண்டியதும் இன்வெர்ட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப இணைகிறது, மறுபடி நிற்கிறது. இப்போது எங்கள் தெருவில் சோலார் வீடுகள் சொற்பம். பத்து, பதினைந்து வீடு வந்தால் அந்த டிரான்ஸ்பார்மரின் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மாற்றாமல், கம்பியைத் தடிமனாக்காமல் தாங்காது. 10 கிலோவாட் வரை ஆய்வே தேவையில்லை என்ற விதி விண்ணப்பிப்பவருக்கு நல்லது. ஆனால் தெருவுக்கு எத்தனை என்று யாராவது கூட்டிப் பார்த்தாக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரச்சினைதான் பெரிய அளவில் நாட்டுக்கும் நடக்கிறது. இந்தியாவின் சோலார் திறன் 2025 ஜனவரியில் 100 கிகாவாட்டைத் தாண்டியது. மதிய நேரத்தில் மின்சாரம் குவிகிறது, அந்தி சாய்ந்ததும் பற்றாக்குறை. 1,440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையம் போன்ற நிலக்கரி நிலையங்கள் பகலில் இறங்கி மாலையில் ஏற வேண்டிய காலம் இது. மேட்டூரின் பழைய 210 மெகாவாட் உற்பத்திப் பிரிவுகள் 1987 முதல் 1990 வரை வந்தவை, அப்படி ஏறி இறங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. நெட் மீட்டரிங்கில் அண்ணன் மதியம் கொடுக்கும் யூனிட்டும் இரவு பத்து மணிக்கு ஏசிக்கு வாங்கும் யூனிட்டும் ஒரே விலை. கிரிட் அவருக்கு இலவச பேட்டரி. இது நிலைக்காது. பகலில் குறைந்த விலை, மாலையில் கூடிய விலை என்ற நேர வாரிக் கட்டணத்துக்கு மத்திய அரசு 2023லேயே விதி செய்துவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வீட்டுக்கு வந்தபின் அதுவும் வரலாம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். ஐந்து ஆண்டில் திரும்புவது ஏழு ஆண்டு ஆகலாம். 2 கிலோவாட்டோடு நிறுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிதாகப் போட்டவருக்கு அடியும் பெரிது.

அண்ணியிடம் இப்போதே பழக்கத்தை மாற்றச் சொன்னேன்: மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் மூன்றும் பத்து மணிக்கு மேல், மூன்று மணிக்குள். இன்றைய பில்லில் அதனால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை இன்வெர்ட்டர் நிற்பது மட்டும் குறைந்திருக்கிறது. அடுத்து அண்ணன் செய்ய வேண்டியது, வோல்டேஜ் ஏறும் நேரங்களை இன்வெர்ட்டர் செயலியிலிருந்து எடுத்து, டேப் மாற்றக் கேட்டு மின் அலுவலகத்தில் எழுத்தில் கொடுப்பது. பக்கத்துத் தெருவில் சோலார் போட்டிருக்கும் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.